சாயங்கால எறும்பு

திருப்பூரில், சாயப்பட்டறைத் தண்ணீர் ஒரு நாள் ஊதாவாகவும் மறுநாள் சிவப்பாகவும் ஓடுகிற ஓடைக்குப் பக்கத்தில், நாச்சம்மாள் காம்பவுண்டில், செண்பகம் என்றொருத்தி குடியிருந்தாள். அவளை அவள் புருஷன் அடித்தால், அவள் சமைத்ததைச் சாப்பிட்டவர்களுக்கு வலித்தது. அந்தத் தெருவில் இன்றைக்கும் யாரும் இதை அதிசயமாகச் சொல்வதில்லை. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்கிற அதே குரலில்தான் சொல்வார்கள்.

காம்பவுண்டு என்றால் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை வீடுகள், நடுவில் ஒரு குழாய், வீட்டுக்கு ஒரே அறை, அந்த அறையின் ஒரு மூலையில் அடுப்பு. மழை பொய்த்த ஊர்களிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் அங்கே இருந்தார்கள். ஆளுக்கொரு பாக்கெட் எண்ணெய், ஆளுக்கொரு பொட்டலம் பருப்பு என்று தெருமுனைக் கடையில் வாங்கி, மாதக் கடைசியில் எல்லா வீட்டிலும் ஒரே ஊறுகாயின் வாசம் அடிக்க, அந்த வாசத்தையே தொட்டுக்கொண்டு சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த செண்பகம், வீட்டிலிருந்தபடி பனியன்களில் பிசிர் வெட்டிக் கொடுப்பவள். அவளுக்கு அந்த ஊறுகாய் வாசம் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயடியில், பக்கத்து வீட்டு ஜெயமணியிடம், "ஏக்கா, ஆளுக்கொரு மூலையில வேகவச்சா எல்லாருக்கும் அரை வயிறுதான். ஒண்ணா வாங்குவோம், நான் பொங்கிப் போடுறேன்," என்றாள். "நீ பொங்குவ, எதைப் போட்டு?" என்று ஜெயமணி சிரித்தாள். அன்று சாயங்காலமே செண்பகம் சந்தை கலைகிற நேரமாகப் பார்த்துப் போய், வியாபாரிகள் சாக்கை உதறுகிற இடத்தில் நின்று, காலிஃபிளவரின் தண்டையும் இலையையும், முள்ளங்கியின் கீரையையும், அடிபட்ட கத்திரிக்காயையும், யாரும் கேட்காத வாழைத்தண்டையும் கூடைகூடையாக வாங்கி வந்தாள்.

அதிலிருந்து அந்தக் காம்பவுண்டின் வயிறு நிறைந்தது. வீச்சமடித்த ரேஷன் அரிசியை உப்புப் போட்டுப் பிசைந்து கழுவி, வெயிலில் உலர்த்தி, லேசாக வறுத்து அவள் வடித்தால் அது புது அரிசி. பீர்க்கங்காய்த் தோலைப் புளியோடு வதக்கித் துவையல் அரைத்தாள், பழக்கடையில் சீவி எறிந்த தர்பூசணியின் வெள்ளைப் பகுதியைப் பாசிப்பருப்போடு கூட்டாக்கினாள், கருவாட்டுக் கடைக்காரர் தள்ளிவிடும் தலைகளில் மாங்கொட்டையைப் போட்டுக் குழம்பு வைத்தாள், கோழிக்காலை நகம் நறுக்கிச் சுட்டு உரித்து மிளகு தூக்கலாக வறுத்தாள். மிஞ்சிய சோறு வடகமானது, மிஞ்சிய இட்லி கடுகு தாளித்த உப்புமாவானது, குழம்பு ஒட்டிய சட்டியில்கூட ஒரு பிடி சோற்றைப் போட்டுப் பிரட்டி உருட்டினால் அதற்குப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். பவர் டேபிளில் தைக்கிற டெய்லர் அந்தோணி, சாயர்புரத்துக்காரர், தனியாள், முதல் வாய் வைத்ததும், "எங்க ஊர்க் குழம்பும்மா," என்று தட்டை மறுபடி நீட்டினார்.

சாப்பிடாதவன் ஒருவன்தான், அவள் புருஷன் ராசையா. கட்டிங் மாஸ்டர். அடுக்கி வைத்த துணியை ஒரே மூச்சில் கோணாமல் வெட்டுகிறவன், கம்பெனியில் அவனுக்குத் தனி மரியாதை, அந்த மரியாதையை வீட்டுக்கும் சுமந்துகொண்டு வருகிறவன். "குப்பையில பொறுக்கினதத் திங்க நான் என்ன நாயா?" என்று கேட்டு, மூன்று வேளையும் கடையில் புரோட்டாவும் சால்னாவும் தின்றான். கல்யாணமான நாளிலிருந்து அவளை அடித்துக்கொண்டுதான் இருந்தான். சோற்றில் உப்பு, சட்டையில் மடிப்பு, அவள் பேசினது, பேசாதது, எது கிடைத்தாலும் அதைக் காரணமாக்கி அடித்தான்.

அவள் பொங்கிப் போட ஆரம்பித்ததிலிருந்து அவசர ஆர்டருக்காகக் கம்பெனியிலேயே படுத்துக்கிடந்த ராசையா, ஒரு சாயங்காலம் கம்பெனிச் சிநேகிதன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, அவன் வீட்டு வாசலில் காம்பவுண்டே தட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சிநேகிதன் சிரித்துவிட்டான். அவன் போகும்வரை பொறுத்திருந்த ராசையா கதவைச் சாத்தினான். "மாஸ்டர் வீட்டு வாசல்ல அன்னதானமாடி நடத்துற?" என்று கேட்டு, காது அடைக்கிற மாதிரி இடது கன்னத்தில் ஒரு அறை விட்டான். செண்பகத்துக்குக் காற்று பட்டது போலிருந்தது. அதே நேரம் வாசலில் தட்டுகள் விழுந்தன. அந்தோணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், ஜெயமணிக்கு உதடு கிழிந்து ரத்தம் சோற்றில் சொட்டியது, அவள் மகள் தர்ஷினி உட்பட எல்லாருடைய இடது கன்னத்திலும் விரல் விரலாகத் தடித்தது. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு இரண்டு மடங்கு தடிப்பு.

காரணத்தைக் கண்டுபிடித்தது வீட்டுக்காரம்மா நாச்சம்மாள். அன்றைக்குக் கிருத்திகை விரதம் என்று அவள் சாப்பிடவில்லை, அவள் கன்னம் மட்டும் வழுவழுவென்றிருந்தது. குழாயடியில் எல்லாரையும் நிறுத்திவைத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, "இது செண்பகம் அம்மிணி வாங்கற அடி. நீங்க சோத்தோட சேர்த்து அதையும் முழுங்கியிருக்கறீங்க," என்றாள்.

"அப்ப என்ன செய்ய?" என்று அந்தோணி கேட்டார்.

"திங்காதீங்க. வேறென்ன செய்ய?"

தின்னாமலிருந்தார்கள். டீயும் பன்னும் வாங்கி நனைத்துத் தின்றார்கள், பிள்ளைகள் பசியில் சுவரைப் பிறாண்டின, அந்த நாட்களில் செண்பகம் உதடு வீங்கி, ஒரு கண் மூடிக்கொண்டு, விலாவைப் பிடித்தபடி குழாயடிக்கு வந்தாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குடத்தைப் பார்த்தார்கள், தண்ணீரைப் பார்த்தார்கள், தங்கள் கால் விரல்களைப் பார்த்தார்கள். பிறகு ஒரு மத்தியானம், கொள்ளு ரசத்தில் அவள் பூண்டைத் தட்டிப் போட்ட வாசம் காம்பவுண்டு முழுக்கப் பரவியபோது, தட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பசியால் வந்தார்களா இரக்கத்தால் வந்தார்களா என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

செண்பகம் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். "அடிப்பாரே, அண்ணே," என்றாள் அந்தோணியிடம்.

"அடிக்கட்டும்மா. ஒரு ஆளா வாங்குறதுக்குப் பத்துப் பேரா வாங்குனா வலி குறையும்ல. இன்னும் நாலு பேரச் சேத்தா இன்னும் குறையும்," என்றார் அந்தோணி.

அந்தப் பேச்சு எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. ராசையாவின் கையைப் பிடிப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. புருஷன் பெண்டாட்டி விஷயம் என்றார்கள், போலீசுக்குப் போனால் அவன் கம்பெனியில் சொல்லித் தங்கள் வேலையில் கை வைப்பான் என்றார்கள், ஆனால் ஆள் சேர்ப்பதில் இறங்கிவிட்டார்கள். பக்கத்துக் காம்பவுண்டை அழைத்தார்கள், எதிர்ச் சாரியை அழைத்தார்கள், கம்பெனியில் கூட வேலை பார்க்கிறவர்களுக்குத் தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுத்துப் பழக்கினார்கள். நாச்சம்மாள் தன் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய அண்டாக்களைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தாள். சந்தைக்குச் செண்பகத்தோடு பெண்கள் கூட்டமாகப் போனார்கள், மூட்டையாக வாங்கினால் விலை இன்னும் இறங்கிற்று. தெருவே சாப்பிட்டது, தெருவே வாங்கிக்கொண்டது. வேலை முடித்து ராசையா வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில், பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருப்பவனும், ஓவர்டைம் தைத்துக்கொண்டிருப்பவளும், வீட்டுப்பாடம் எழுதாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் ஒரே நேரத்தில் கன்னத்தையோ முதுகையோ லேசாகச் சொறிந்துகொண்டார்கள். அதற்குச் சாயங்கால எறும்பு என்று பெயர் வைத்தார்கள். "எறும்பு கடிச்சிருச்சு, அப்ப மாஸ்டர் வீட்டுக்கு வந்துட்டான், நேரமாச்சு, கிளம்புடி," என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். எறும்பு கடிக்காத சாயங்காலங்களில் அவன் எங்கே போனான் என்று கவலைப்பட்டவர்களும் உண்டு.

செண்பகத்துக்கு உடம்பில் வலியே இல்லாமல் போயிற்று. வலி போன இடத்தில் ஒரு வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. பரிமாறும்போது ஒவ்வொரு தட்டிலும் தன் முதுகின் ஒரு துண்டை அரிந்து வைப்பது போலிருந்தது. குழந்தைகளுக்குக் குறைவாகப் போட்டாள். அவர்கள் அழுதால் கூடப் போட்டாள்.

ராசையாவுக்கு இந்த எறும்புக் கதை காதில் விழாமலில்லை. "தெருவே சேந்து நடிக்குது," என்றான். அவனை எரித்தது வேறொன்று. எவ்வளவு அடித்தாலும் பெண்டாட்டியின் உடம்பில் ஒரு தடிப்பில்லை, அவள் வாயில் ஒரு முனகல் இல்லை, அடித்து முடித்ததும் அவள் எழுந்து போய் விட்ட இடத்திலிருந்து வெங்காயம் உரித்தாள். கம்பெனியில் ஒருவன், "மாஸ்டர் கை பூ மாதிரியாமே, அடிச்சா வலிக்காதாமே," என்று சொல்லப்போய், அவன் மூக்கை உடைத்துவிட்டுத்தான் ராசையா வீட்டுக்கு வந்தான். கையை விட்டுப் பெல்ட்டை எடுத்தான். பெல்ட்டை விட்டுச் சைக்கிள் செயினை எடுத்தான். எறும்பு குளவியாயிற்று, குளவி தேளாயிற்று. தைத்துக்கொண்டிருந்தவர்கள் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டார்கள். தெரு பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஆள் சேர்த்தது.

பொங்கல் வந்தது. திருப்பூர் காலியாவது அந்த நாட்களில்தான். பஸ் பஸ்ஸாக ஏறி எல்லாரும் ஊருக்குப் போனார்கள், போன ஊரில் அவரவர் வீட்டுச் சோற்றைத் தின்றார்கள். காம்பவுண்டில் மிஞ்சியது, ஊரில் யாருமில்லாத அந்தோணி, பஸ்ஸுக்குக் காசு சேராத ஜெயமணி, அவள் மகள் தர்ஷினி, நாச்சம்மாள், இவ்வளவு பேர்தான். போகியன்று மத்தியானம் செண்பகம் பரங்கிக்காய்த் தோலும் விதையும் வறுத்து அரைத்து ஒரு பொடி செய்து, சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து கொடுத்தாள். தர்ஷினி கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றாள். நாச்சம்மாளுக்கு வயிறு சரியில்லை, அவள் வெறும் மோர் குடித்தாள்.

வெயில் தாழ்வதற்குள் ராசையா குடித்துவிட்டு வந்தான். "இன்னைக்கு உன் வாயிலருந்து சத்தம் வரணும்," என்றான். செண்பகத்தின் இடது கையை முதுகுப் பக்கம் வளைத்து, கதவு நிலையில் வைத்து, முழங்காலால் ஒரு உதை உதைத்தான். அவளுக்கு ஒரு துணி மடிந்தது போலிருந்தது. வெளியே மூன்று பேர் அலறினார்கள். அந்தோணிக்கு மணிக்கட்டு பிசகிற்று, ஜெயமணிக்கு முழங்கை வீங்கிற்று. அதிகமாகச் சாப்பிட்ட தர்ஷினிக்குத் தோளுக்குக் கீழே எலும்பு முறிந்து, கை தனியாகத் தொங்கிற்று.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரியிலிருந்து மாவுக்கட்டோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த ஜெயமணி, தன் வீட்டுக்குப் போகாமல் நேராகச் செண்பகத்தின் வாசலுக்கு வந்து நின்றாள்.

"உன் சோறு இனி எங்களுக்கு வேண்டாம். உன் அடிய நீயே தின்னுக்கோ," என்றாள்.

"சரிக்கா," என்றாள் செண்பகம்.

"என்ன சரி? எம்புள்ள கையப் பாரு!"

செண்பகம் பார்த்தாள். "நாளைக்கு என் வீட்ல பொங்குவேன். நீங்க யாரும் ஒரு பருக்கைகூட வாயில வைக்கக் கூடாது. வாசம் வந்தாலும் வரக் கூடாது. அந்தோணியண்ணன்ட்டயும் சொல்லிருங்க," என்றாள். ஜெயமணி அவள் முகத்தைப் பார்த்தாள். குழாயடியில் குடத்தையே பார்த்துக்கொண்டு நின்ற நாளுக்குப் பிறகு இப்போதுதான் சரியாகப் பார்த்தாள். மகளை அணைத்துக்கொண்டு அந்தோணி வீட்டுக்கு நடந்தாள்.

பொங்கலன்று ஊரில் ஒரு ஓட்டல் கிடையாது, ஒரு தள்ளுவண்டி கிடையாது. புரோட்டா போடுகிறவர்களும் ஊருக்குப் போயிருந்தார்கள். காலையில் எழுந்த ராசையா பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, பூட்டிய ஷட்டர்களைப் பார்த்துவிட்டு, வெறும் வயிற்றோடு திரும்பி வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். செண்பகம் அடுப்பைப் பற்றவைத்தாள். நொய்யரிசியைக் குழையாமல் வேகவைத்தாள். கருவாட்டுத் தலையைச் சுடுநீரில் அலசி, அடிபட்ட கத்திரிக்காயையும் வெயிலில் காயவைத்திருந்த மாங்கொட்டையையும் போட்டுக் குழம்பு கூட்டி, கொதித்து எண்ணெய் மேலே மிதக்கும்போது இறக்கினாள். கோழிக்காலை மிளகில் பிரட்டினாள். காலிஃபிளவர்த் தண்டைத் தீக்குச்சி தீக்குச்சியாக அரிந்து கருக வறுத்தாள். பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கு அம்மியில் கல்லுப்பு நொறுங்குகிற சத்தம் ராசையாவின் வயிற்றுக்குள் கேட்டது. மத்தியானம் தாண்டியபோது அவன் வாயில் எச்சில் ஊறி, அதை விழுங்கி, மறுபடி ஊறி, மறுபடி விழுங்கி, கடைசியில், "போடு," என்றான்.

போட்டாள். முதல் உருண்டையை அருவருப்போடு வாயில் வைத்தவன் இரண்டாவதைப் பார்த்து எடுத்தான், மூன்றாவதிலிருந்து பார்க்கவில்லை. சோற்றைக் குழித்துக் குழம்பை ஊற்றச் சொன்னான். கோழிக்காலின் எலும்பைக் கடித்து உறிஞ்சினான். வியர்த்து வழிய வழியத் தின்றான். சட்டியை வழித்துப் போடச் சொல்லி அதையும் தின்றான். "இத்தன நாளா இதயா ஊருக்குப் போட்ட?" என்று கேட்டான். ஒரு நிமிஷம் அவன் முகம் கல்யாணத்தன்று இருந்த முகம் போல இருந்தது, செண்பகம் அதைப் பார்த்துப் பயந்தாள். அவன் அப்படியே எழுந்து போய்ப் படுத்திருந்தால் அவள் இன்னொரு நாளும் அவனுக்குப் பொங்கியிருப்பாள்.

ஆனால் கை கழுவியதும், தின்ற வெட்கம் அவனுக்குக் கோபமாக வந்தது. "தலையையும் காலையும் போட்டு என்னையும் நாயாக்கிட்டேல்ல," என்று திரும்பினான்.

"அடிக்காதீங்க," என்றாள் செண்பகம். "இன்னைக்கு வேற யாரும் சாப்பிடல. நீங்க மட்டுந்தான் சாப்பிட்டிருக்கீங்க. சொன்னாக் கேளுங்க."

"உன் நாடகத்த எங்கிட்டயே போடுறியா?"

அவன் அறைந்தான். அறைந்த வேகத்தில் அவன் தலைதான் திரும்பிற்று, இடது கடைவாய்ப் பல் ஒன்று நாக்கில் வந்து விழுந்தது. துப்பிவிட்டுப் பார்த்தான். அவள் அப்படியே நின்றாள். "நிறுத்துங்க," என்றாள். அவன் செயினை எடுத்து வீசினான், அவன் முதுகுச் சட்டை கிழிந்து ரத்தம் நனைத்தது. இன்னொரு வீச்சில் அவன் காது மடல் தொங்கிற்று. வலிக்க வலிக்க, அந்த வலியை அவளிடம் கொடுத்துவிட வேண்டும் என்று இன்னும் பலமாக வீசினான், கொடுக்கக் கொடுக்க அது அவனிடமே வந்தது. வெளியே அந்தோணியும் ஜெயமணியும் நாச்சம்மாளும் வாசலில் நின்றார்கள். அவர்களை ஒரு எறும்புகூடக் கடிக்கவில்லை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"செண்பகம், கதவத் திறம்மா!" என்று அந்தோணி பிசகாத கையால் கதவை இடித்தார். அவர் அந்தக் கதவை இடித்தது அதுதான் முதல் தடவை.

ராசையா ஆணியில் தொங்கிய கட்டிங் கத்தரியை எடுத்தான், முழங்கை நீளம், மாஸ்டர்கள் யாரையும் தொட விடாத கத்தரி. அதை ஓங்கி அவள் வலது தோளில் இறக்கினான். செண்பகத்தின் ரவிக்கை கிழிந்தது, தோல் கிழியவில்லை. ராசையாவின் வலது தோளில் ஒரு வாய் திறந்தது. உள்ளே ஏதோ நரம்பு அறுந்து சுருண்டது, கத்தரி கையிலிருந்து நழுவியது, அவன் சோறு தின்ற தட்டின் மேலேயே விழுந்தான்.

அவள் கதவைத் திறந்தாள். வாசலில் நின்றவர்களைப் பார்த்து, "ஆட்டோ கூப்பிடுங்கண்ணே," என்றாள். பிறகு சேலைத் தலைப்பைச் சுருட்டி அவன் தோளில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வரை கையை எடுக்கவில்லை.

ராசையா சாகவில்லை. போலீஸ் வந்து கேட்டது, வாசலில் நின்ற மூன்று பேரும் நடந்ததை நடந்தபடி சொன்னார்கள், கத்தரியில் அவன் விரல்கள் மட்டும்தான் பதிந்திருந்தன, தன்னைத்தானே குத்திக்கொண்டான் என்று எழுதி முடித்தார்கள். அது பொய்யும் இல்லை. அவன் வலது கை அதற்குப் பிறகு தோளுக்கு மேலே எழும்பவில்லை. அண்ணன் வந்து ஊருக்குக் கூட்டிப் போனான். பஸ் ஏறும்போது செண்பகம் கொடுத்த சோற்றுப் பொட்டலத்தை அவன் வாங்கவில்லை, அண்ணன்தான் வாங்கிக்கொண்டான்.

ஊர்களிலிருந்து திரும்பி வந்தவர்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சில நாள் தயங்கினார்கள். முதலில் வந்து உட்கார்ந்தது ஜெயமணி, மகளை மடியில் வைத்து ஊட்டினாள். பிறகு தெரு வந்தது. சாயங்காலங்களில் எறும்பு கடிக்காததால் பெண்கள் கடிகாரம் வாங்கிக்கொண்டார்கள்.

ஆடி மாதம் ஒரு காலையில் பின்தெருவிலிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. சாயப்பட்டறையில் வேலை பார்க்கிற சுடலைமுத்து பெண்டாட்டியை நடுவீட்டில் போட்டு விறகுக் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தான். தெரு வாசல்களில் நின்றது. செண்பகம் அடுப்பிலிருந்த கொள்ளுக் குழம்பைச் சோற்றோடு தூக்குவாளியில் போட்டு மூடி, எடுத்துக்கொண்டு நடந்தாள். அவள் பின்னாலேயே ஜெயமணியும், அந்தோணியும், மூச்சு வாங்கிக்கொண்டு நாச்சம்மாளும் நடந்தார்கள். அவள் அந்த வீட்டுக்குள் போய், கட்டைக்கும் கீழே கிடந்தவளுக்கும் நடுவில் நின்று, தூக்குவாளியின் மூடியைத் திறந்தாள். தாளிதத்தின் வாசம் அறையை நிறைத்தது.

"அண்ணே, சாப்டீங்களா?" என்று கேட்டாள்.

சுடலைமுத்துவின் கை ஓங்கியபடி நின்றது. அவனுக்குக் கதை தெரியும்.

"சூடா இருக்கு. உக்காந்து வயிறாரச் சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு என்னை அடிங்க."

அவன் அவளைப் பார்த்தான், வாளியைப் பார்த்தான், வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்தான். கட்டையைக் கீழே வைத்தான். பசியோடுதான் இருந்தான், இருந்தாலும் ஒரு வாய்கூடத் தொடாமல் சுவரோரமாக நகர்ந்து வெளியேறிப் போனான். செண்பகம் குனிந்து, கீழே கிடந்தவளைத் தூக்கி உட்காரவைத்து, அவள் வாயோரத்து ரத்தத்தைத் துடைத்துவிட்டு, முதல் உருண்டையைத் தானே உருட்டி அவள் கையில் வைத்தாள்.